அகாய் ஸ்பூல் டெக்குக்குப் பாகம் கிடைக்காது என்றால் அதோடு முடிந்ததா?

அப்பா 1970களின் கடைசியில் சவுதியிலிருந்து கொண்டுவந்த அகாய் 4000டிஎஸ் ஸ்பூல் டெக்கை, அதாவது பெரிய சுருளில் டேப் ஓடும் டேப் ரெக்கார்டரை, பரணிலிருந்து இறக்கியிருக்கிறீர்கள். டேப்பைக் கேப்ஸ்டன் என்ற சுழலும் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கல்லாக இறுகிவிட்டது. நொடிக்கு 19 செ.மீ. வேகத்துக்காக அந்தத் தண்டில் மாட்டும் ஸ்லீவ் என்ற குழாயைக் காணவில்லை. இடது பக்கத்தில் உஸ்ஸென்று இரைச்சல், நடுநடுவே எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். வந்து பார்த்த மெக்கானிக், "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது சார், வித்துடுங்க" என்று சொல்லிவிட்டார். பாகங்கள் எங்கே கிடைக்கும், கிடைக்காவிட்டால் விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டேப் இருக்கிறது, அதில் பாட்டி பேசியதும் ஊர்க் கோயில் கச்சேரிகளும் பதிவாகியிருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, இந்த டெக் மறுபடி ஓடுமா, ஓடினால் அந்த டேப்புகளை நம்பி அதில் போடலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பதுதான் எனக்குப் பல வருடமாகத் தொழில். மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. ஸ்பூல் டெக் தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன, பாக எண்ணைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் இருக்காது. ஆனால் ஒரு பாகம் கடையில் கிடைக்காது என்பது ஒன்று, அந்தப் பாகத்தின் வேலையை வேறெதனாலும் செய்ய முடியாது என்பது இன்னொன்று. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது என்ன வேலை செய்கிறது, எந்த அளவு தப்பினால் அந்த வேலை கெடும் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கிற பழுதுகளில் எல்லாமே நம் ஊர்ப் பட்டறைகளில் முடிகிறவை. முடியாதவையும் சில உண்டு, அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. டெக் சவுதியிலிருந்து வந்தது என்கிறீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். வீட்டு வோல்டேஜும் அந்தக் காலத்தில் பல இடங்களில் 127 வோல்ட்தான். டெக்கில் உள்ள வோல்டேஜ் செலக்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 110 அல்லது 120-இல் நிற்கும்போது நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதை மறுபடி காயில் கட்டலாம்தான், ஆனால் வீண் செலவு. எண் சரியாக இருந்தாலும் முதல் தடவை நேரடியாகக் கொடுக்காமல், பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசித்துவிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பல்பு வழியாகப் போகும்போது மோட்டார் சோம்பலாகத்தான் கிளம்பும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

வோல்டேஜைப் பார்க்கிறவர்கள் ஹெர்ட்ஸை மறந்துவிடுகிறார்கள். இந்த வகை டெக்குகளில் மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் அலைவெண்தான் தீர்மானிக்கிறது. 60-க்கு அமைத்த டெக் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுகிற மாதிரி கேட்கும். எந்த ஸ்டெபிலைசரும் டிரான்ஸ்ஃபார்மரும் இதைத் திருத்தாது. மோட்டார் தண்டில் உள்ள கப்பியைத்தான் மாற்ற வேண்டும், 50 ஹெர்ட்ஸுக்கான கப்பியின் குறுக்களவு 1.2 மடங்கு பெரிதாக இருக்கும். சில டெக்குகளில் மோட்டார் கண்டன்சரின் அளவும் மாறும், சர்வீஸ் மேனுவலில் போட்டிருப்பார்கள். அந்த மேனுவலின் ஸ்கேன் இணையத்தில் தேடினால் கிடைக்கும், அதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அப்பா கப்பியை மாற்றாமலே ஊரில் பதிவு செய்திருந்தால், அந்த டேப்புகள் இப்போதிருக்கும் குறைந்த வேகத்தில்தான் சரியாகக் கேட்கும், திருத்திய பிறகு குரல் மேலே போய்விடும். சவுதியில் பதிவு செய்த டேப்பும் இங்கே பதிவு செய்த டேப்பும் ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டுக்கும் இரண்டு விதமாகத் தெரியும். குழம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு வேகத்தைச் சரி செய்துகொள்ளலாம்.

இப்போது ஸ்லீவ். தொலைந்துபோன பாகங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பார்க்க ஒன்றுமில்லாத ஒரு குட்டிக் குழாய், ஆனால் அதன் துல்லியம்தான் மொத்தச் சங்கீதமும். டேப் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைக் கேப்ஸ்டன் தண்டின் குறுக்களவும் அது சுற்றும் வேகமும்தான் தீர்மானிக்கின்றன. தண்டு அதே வேகத்தில் சுற்ற, மேலே ஒரு குழாயை மாட்டிக் குறுக்களவை இரட்டிப்பாக்கினால் 9.5 செ.மீ. வேகம் 19 செ.மீ. ஆகிவிடும். சரியாக இரட்டிப்பா என்றால் இல்லை. டேப்புக்கும் தடிமன் உண்டு, வேகம் அதன் நடுக்கோட்டில்தான் கணக்காகிறது. அதனால் ஸ்லீவின் வெளி அளவு, தண்டின் அளவைப் போல் இரண்டு மடங்கோடு டேப்பின் ஒரு தடிமனையும் சேர்த்தது. உதாரணத்துக்குத் தண்டு 4.00 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், டேப் 35 மைக்ரான் தடிமனுள்ள லாங் பிளே. அப்போது ஸ்லீவ் 8.035 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் தண்டின் அளவை மைக்ரோமீட்டர் வைத்து நீங்களே எடுங்கள். வெர்னியர் போதாது, இணையத்தில் யாரோ சொன்ன எண்ணும் வேண்டாம்.

ஆனால் பட்டறையில் கவலைப்பட வேண்டியது அந்த 0.035 பற்றி இல்லை. அதை விட்டுவிட்டு நேராக 8.00-க்குக் கடைந்தாலும் வேகம் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தப்பும், அது எப்போதும் ஒரே அளவில் தப்புவதால் காதுக்குத் தெரியாது. காதுக்குத் தெரிவது மையம் விலகுவதுதான். துளையின் மையமும் வெளிவட்டத்தின் மையமும் நூறில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 0.01 மி.மீ., விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கால் சதவீதம் ஏறி இறங்கும். இந்த அளவுள்ள தண்டு நொடிக்கு ஏறக்குறைய ஏழரை முறை சுற்றும். நொடிக்கு ஏழு தடவை நடுங்குகிற நாதஸ்வரத்தை யாராலும் கேட்க முடியாது. நல்ல வீட்டு டெக்கில் மொத்த நடுக்கமே 0.1 முதல் 0.15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதில் ஸ்லீவுக்கு நாம் விடக்கூடிய பங்கு அதைவிடக் குறைவு. எனவே சாதாரண லேத்தில் கம்பியைப் பிடித்துத் துளை போட்டு வெட்டிக் கொடுப்பது இதற்கு உதவாது. வேலை நடக்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன், லேத்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். முதலில் துளை. அதை ரீமர் போட்டு, தண்டின் மேல் ஆட்டமில்லாமல் வழுக்கி இறங்கும் அளவுக்கு முடிக்க வேண்டும். பிறகு அதே அளவில் கிரைண்ட் செய்த ஒரு கம்பியில் ஸ்லீவை இறுக்கி, அந்தக் கம்பியை இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, வெளிப்பக்கத்தைச் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங்கில் முடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு மையமும் ஒன்றாகும். டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள் 0.005 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கோயம்புத்தூரிலோ சென்னை அம்பத்தூரிலோ பம்புக்கும் வண்டிக்கும் நுட்பமான பாகம் செய்கிற சிறு பட்டறைகளில் இது அன்றாட வேலை. ஒற்றைப் பீஸ் என்றால் எடுத்துக்கொள்ள யோசிப்பார்கள், மூன்று நான்காகச் செய்யச் சொல்லுங்கள். செலவு பெரிதாக ஏறாது, மிச்சத்துக்கும் ஆள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் த்ரீ டி பிரிண்டிங் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். லீவர், குமிழ், ஸ்பூலைப் பிடிக்கும் தொப்பி போன்றவற்றுக்கு அது நல்ல வழி, நானும் செய்து வாங்குகிறேன். ஸ்லீவுக்கு வேண்டவே வேண்டாம். அடுக்கடுக்காக வைத்துச் செய்த பரப்பில் மைக்ரான் கணக்கில் வட்டம் வராது. லீவருக்குச் செய்வதானாலும் சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிருங்கள், 60 டிகிரி வாக்கில் அது இளகிவிடும். மோட்டாருக்குப் பக்கத்தில் வரும் பாகத்தை நைலானில் கேளுங்கள்.

பிஞ்ச் ரோலர் இன்னும் சுலபம். பழைய ரோலரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் நடுவிலுள்ள உலோகப் பாகமும் புஷ்ஷும்தான் நமக்கு வேண்டியவை. ரப்பரைச் செதுக்கி எடுத்துவிட்டு, புது ரப்பரை அதே உலோகத்தின் மேல் வேகவைத்து ஒட்டி, அளவுக்குக் கிரைண்ட் செய்தால் புது ரோலர். இதைச் செய்ய ஆடியோ தெரிந்தவர் தேவையில்லை. அச்சு இயந்திரத்து ரோலருக்கு ரப்பர் போடுகிறவர் போதும். சிவகாசி மாதிரி அச்சுத் தொழில் நடக்கிற ஊரில் அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. அவர்களிடம் மூன்று விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மை ரோலருக்குப் போடுவது போல மென்மையான ரப்பர் வேண்டாம், அதில் டேப் அமுங்கிச் சுருளும். நான் ஷோர் ஏ என்ற ரப்பர் கடினத்தன்மை அளவில் 60 வாக்கில் நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குகிறேன். இரண்டாவது, ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்துக் கூம்பாக வரக் கூடாது. வேகத்தை நிர்ணயிப்பது கேப்ஸ்டன் என்பதால் ரோலரின் குறுக்களவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மோசமில்லை, ஆனால் கூம்பாகிவிட்டால் டேப் ஒரு பக்கமாக ஏறி ஓரம் மடங்கும். பாட்டி குரல் உள்ள டேப்பின் ஓரம் மடங்கினால் அந்த ஓரத்து டிராக் போனதுதான். மூன்றாவது, ரப்பரை வேகவைப்பது 140, 150 டிகிரியில். நடுவிலுள்ள வெண்கலப் புஷ் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் வகை என்றால் அந்தச் சூட்டில் எண்ணெய் கசிந்து போய்விடும். முடிந்தால் புஷ்ஷைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் புஷ்ஷை மெல்லிய மெஷின் எண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு, ரப்பரில் பட்டதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நடுப்பாகம் பிளாஸ்டிக்காக இருந்தால் இந்த வழி ஆகாது, அலுமினியத்தில் ஒன்று கடைந்துகொள்ள வேண்டும்.

ரப்பரை மருந்து போட்டு மீட்கலாம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் மேலிருக்கும் பளபளப்புப் போய்ச் சில வாரம் பிடிக்கும், அது நிஜம். விண்டர்கிரீன் எண்ணெய் கலந்த திரவங்கள் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும், அதுவும் நிஜம். ஆனால் ஊதியது நாளடைவில் திரும்பவும் இறுகும். எவ்வளவு நாளில் என்பது ரப்பரைப் பொறுத்தது. ஓரிரண்டு டேப்பை அவசரமாக ஏற்ற வேண்டும் என்றால் தேய்ப்பது போதும், நிரந்தரத்துக்கு அது இல்லை. அதே போல, பிரிக்காத பழைய பாக்கெட்டில் அசல் ரோலர் என்று அதிக விலைக்கு விற்பதையும் வாங்காதீர்கள். ரப்பர் ஓடினாலும் கிழமாகும், பாக்கெட்டில் தூங்கினாலும் கிழமாகும்.

ஸ்பூலைச் சுற்றவைக்கும் ஐட்லர் சக்கரத்து ரப்பர் வளையத்துக்குப் பம்புசெட் கடையில் கிடைக்கும் நைட்ரைல் ஓ-ரிங் பெரும்பாலும் பொருந்திவிடும், அங்கே துல்லியம் அவ்வளவு முக்கியமில்லை. ஃப்ளைவீலைச் சுற்றும் பெல்ட் அப்படியில்லை. பழைய பெல்ட் தாரைப் போல உருகி ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துவிட்டு, பெல்ட் போகிற பாதையை நூல் வைத்து அளந்து, அதைவிட 5 சதவீதம் வாக்கில் குறைவான சுற்றளவுள்ள தட்டை பெல்ட் வாங்குங்கள். வெட்டி ஒட்டிய பெல்ட் வேண்டாம், அந்த ஒட்டு ஒவ்வொரு தடவை கப்பியில் ஏறும்போதும் பாட்டில் ஒரு துள்ளல் கேட்கும். மோட்டார் கண்டன்சர் தளர்ந்திருந்தால் அதே மைக்ரோஃபாரட் அளவில் ஃபேன் கண்டன்சர் எந்த எலக்ட்ரிக் கடையிலும் வாங்கலாம். வோல்டேஜ் கூடுதலாக இருக்கலாம், மைக்ரோஃபாரட் மாறக் கூடாது.

இரைச்சலுக்கு வருவோம். உங்கள் டெக்கில் அழிக்க, பதிவு செய்ய, கேட்க என்று டேப் உரசி ஓடும் மூன்று காந்த ஹெட்டுகள் தனித்தனி, அதனால் ஸ்பூலைக் கழற்றாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மானிட்டர் சுவிட்சை டேப் பக்கம் வைத்து இரைச்சலைக் கேளுங்கள். சோர்ஸ், அதாவது டேப்பை விட்டு உள்ளே வரும் ஒலியை நேராகக் கேட்கும் பக்கம் தள்ளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் பழுது, ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பிளேபேக் முன்பெருக்கியில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியில். இந்தக் காலத்து ஜப்பானிய டெக்குகளில் 2எஸ்சி458 என்ற ஹிட்டாச்சி டிரான்சிஸ்டரை நிறையப் போட்டிருப்பார்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் இது உஸ்ஸென்றும் பொரிந்தும் சத்தம் போடுவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இது என் ஊகம்தான், கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். போர்டில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் தலையிலும் குளிர்விக்கும் ஸ்பிரேயை ஒரு கணம் அடித்தால், பழுதானதன் மேல் படும்போது சத்தம் சட்டென்று மாறும். அப்போது ஊகம் உறுதியாகும்.

இதற்கு மாற்று 2எஸ்சி1815, இல்லாவிட்டால் கேஎஸ்சி1845. கால்களின் வரிசை அதேதான், எமிட்டர், கலெக்டர், பேஸ். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் கேட்டால் "பிசி547 போடுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிடுவார்கள். அது நல்ல டிரான்சிஸ்டர்தான், ஆனால் நடுக்கால் அதில் பேஸ், 1815-இல் கலெக்டர். பார்க்காமல் செருகினால் வேலை செய்யாது, காலைத் திருகி மாற்றிப் போட வேண்டியிருக்கும். அப்புறம், பெயர் மட்டும் அச்சடித்த போலிச் சரக்கு நிறைய நடமாடுகிறது. பத்து வாங்கி, மல்டிமீட்டரில் கெயின் பார்த்து, ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு சேனலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு சேனலில் மட்டும் போட்டால் அடுத்த வருடம் மற்றது சத்தம் போட ஆரம்பிக்கும்.

டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் ரெக்கார்ட்-பிளே சுவிட்சைப் பாருங்கள். போர்டின் நீளத்துக்குப் படுத்திருக்கும் நீளமான ஸ்லைடு சுவிட்ச் அது. உள்ளே வெள்ளி பூசிய தொடுமுனைகள் வரிசையாக இருக்கும், நாளடைவில் கறுத்துவிடும். ஒரு சேனல் போவதும் வருவதுமாக இருக்கப் பாதி நேரம் காரணம் இதுதான். இந்தச் சுவிட்சுக்கு மாற்றே கிடையாது. ஆகவே கழற்றிப் பிரிக்காதீர்கள். காண்டாக்ட் கிளீனரை இரண்டு பக்க வாயிலும் சிறிது விட்டு, மின்சாரம் இல்லாத நிலையில் பல தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். துரு எடுக்க வண்டிக்கு அடிக்கிற ஸ்பிரேயை இதில் அடித்துக் கெடுத்த டெக்குகள் என்னிடம் வருகின்றன. அது காய்ந்து பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்கிறது.

உண்மையிலேயே செய்ய முடியாத பாகம் என்று இந்தப் பெட்டியில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஹெட்டைத்தான் சொல்வேன். டேப் உரசி உரசி அதன் முகத்தில் பள்ளம் விழும். ஓரளவு பள்ளத்தைத் தேய்த்துச் சமன் செய்து கொடுக்கும் நிபுணர்கள் உலகில் சிலர் இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை, அதற்கான கருவியும் அளவீடும் என்னிடம் இல்லை. ஹெட்டின் நடுவிலுள்ள நுண்ணிய பிளவு வரை தேய்ந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஜால்ராச் சத்தமும் 'ச' ஒலியும் மங்கிக் கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடும். நகத்தால் ஹெட்டின் முகத்தில் மேலிருந்து கீழாக வருடிப் பாருங்கள், டேப்பின் விளிம்பு ஓடிய இடத்தில் நகம் தெளிவாகத் தட்டினால் தேய்மானம் கணிசம். முகம் வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஹெட்டைச் சோதிக்காதீர்கள். மீட்டரிலிருந்து போகும் நேர்மின்சாரம் ஹெட்டைக் காந்தமாக்கும், காந்தமான ஹெட் மேல் ஓடும் டேப்பில் இரைச்சல் ஏறி, உச்சஸ்தாயி ஒலிகள் அழியத் தொடங்கும். யாராவது ஏற்கெனவே சோதித்திருந்தால் டேப் போடும் முன் டிமேக்னடைசர் கொண்டு காந்தத்தை நீக்கிவிடுங்கள். சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும், தின்னர் வேண்டாம்.

இன்னொரு வகைப் பாகமும் மீளாது. அந்தக் காலத்துச் சில டெக்குகளில் லீவரைத் திருப்பும்போது உள்ளே மற்ற பாகங்களை நகர்த்தும் கேம்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்திருப்பார்கள். வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப் போக அந்த உலோகம் தானாகவே ஊதி விரிசல் விட்டு, தண்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். அது துருவோ, காய்ந்த கிரீஸோ இல்லை. எண்ணெய் விட்டு ஆட்டினால் உடைந்து கையோடு வரும். உடைவதற்கு முன் அதன் வடிவத்தை அளந்து படம் எடுத்து, பித்தளையில் புதிதாகச் செய்ய வேண்டும். நீங்கள் லீவர் இறுகியிருப்பதாக எழுதவில்லை, அதனால் உங்களுக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன். லீவர் சற்றுக் கடினமாக இருந்தால் பெரும்பாலும் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியதுதான். ஹேர் டிரையரால் சூடு காட்டி, கரைத்துத் துடைத்து, புது கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் போதும்.

இன்னொரு செத்த டெக்கை வாங்கிப் பாகம் எடுத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் இப்படிப்பட்டவை எப்போதாவது கண்ணில் படும். விலை படிந்தால் வாங்கலாம், ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். அதிலுள்ள ரப்பரும் பெல்ட்டும் உங்களுடையதைப் போலவே கிழடு. கண்டன்சரும் அப்படியே. உருப்படியாகக் கிடைப்பது ஹெட், டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், குமிழ்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்லீவ். ஹெட்டில் நகம் தட்டுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

டேப்புகளைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன். டெக் சரியாகும் வரை அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றைக் கூடப் போட்டுப் பார்க்காதீர்கள், "சும்மா ஒரு நிமிஷம்" கூட வேண்டாம். ஐட்லர் பிடிக்காமல் வலது ஸ்பூல் நின்றுபோனால் டேப் கேப்ஸ்டனில் சுருண்டு கசங்கும். சோதனைக்கு எதுவும் பதியாத வேறு டேப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்பூலையும் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுருளின் ஊடே வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் அது பழைய அசிடேட் டேப், தெரியாவிட்டால் பாலியஸ்டர். அசிடேட்டில் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, முதலில் ஏற்ற வேண்டியது அதைத்தான். 1970, 80களில் வந்த சில பாலியஸ்டர் டேப்புகளில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை வாங்கிப் பிசுபிசுக்கும். ஓடும்போது கீச்சிடும், ஹெட்டில் பழுப்பாகப் பசை அப்பிக்கொள்ளும். ஸ்டுடியோக்களில் புழங்கிய ஆம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது. அத்தகைய டேப்பை 54 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சீராகச் சூடு காட்டினால் தற்காலிகமாக ஓடும் நிலைக்கு வரும், அந்த இடைவெளியில் ஏற்றிவிட வேண்டும். சமையலறை அவனில் இதைச் செய்யக் கூடாது, சூடு ஏறி இறங்கும். அசிடேட் டேப்புக்கு இந்த வைத்தியத்தைச் செய்யவே கூடாது. உங்கள் டேப்புகளில் இந்த நோய் இருக்கிறதா என்பதை ஒன்றை ஓட்டும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும். கீச்சென்று கேட்ட உடனே நிறுத்துங்கள்.

விற்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். டேப்பில் உள்ளது மட்டும்தான் வேண்டும் என்றால், நன்றாக ஓடுகிற டெக் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் டெக்கிலேயே கேட்க வேண்டும் என்றால் இது செய்யத்தக்க வேலை. இப்போதிருக்கும் நிலையில் விற்றால் பழைய பொருள் விலைக்குத்தான் போகும், ஹெட் நன்றாக இருக்கும் ஒரு டெக்கை அந்த விலைக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. முதலில் ஹெட்டை நகத்தால் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ரோலரை ரப்பர் போடக் கொடுங்கள், ஸ்லீவுக்காகத் தண்டை அளந்து பட்டறைக்குப் போங்கள், அவை திரும்பி வருவதற்குள் சுவிட்சையும் டிரான்சிஸ்டர்களையும் முடித்துவிடலாம். ஹெட் தேய்ந்திருந்தால் மற்றதில் காசு போடும் முன் ஹெட்டுக்காக இன்னொரு டெக்கைத் தேடுங்கள். மோட்டார் கப்பியின் குறுக்களவு, கேப்ஸ்டன் தண்டின் அளவு, பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்டேஜ், ஹெர்ட்ஸ் விவரம் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். ஸ்லீவுக்கும் கப்பிக்கும் கணக்குப் போட்டு, பட்டறையில் காட்டுகிற மாதிரி ஒரு படம் வரைந்து தருகிறேன்.